பதினோராம் கட்டம்

பேப்பர்ல அந்தப் பக்கம் முடிச்சிட்டீங்கன்னா குடுங்க சார். அவசரமில்லை, விழுப்புரம் தாண்டற வரைக்கும் படிங்க. ஈரான்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, அதான் கண்ணு போயிடுச்சு. நான் அங்க மூணு வருஷம் இருந்தவன். துபாய், குவைத்னா எல்லாரும் நம்புவாங்க. ஈரான்னா, அங்க போய் என்னய்யா பண்ணேன்னு கேட்பாங்க. டைப் அடிச்சேன், வேற என்ன. எழுபத்தி நாலுல போனேன், எழுபத்தி ஏழுல திரும்பிட்டேன். அப்ப ராஜா ஆட்சி, ஷான்னு சொல்வாங்க. புரட்சியெல்லாம் அதுக்கப்புறம் வந்தது.

வெந்நீர் இருக்கு, ஒரு வாய் வேணுமா? வேணாமா, சரி.

என் பேரைச் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்காதீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. தெரிஞ்சவங்ககிட்ட இதைச் சொல்ல முடியாது. நீங்க திருச்சியில இறங்கிடுவீங்க, நான் மதுரை போயிடுவேன், அதோட சரி. அங்க ஆபீஸ்ல என்னை மணின்னு கூப்பிடுவாங்க. அதையே வெச்சுக்கங்க.

என் முதலாளி பேரு ஃபரஹ்மந்த். பணக்காரர்னா நம்ம ஊர் அரிசி மில்லுக்காரர் மாதிரி நினைக்காதீங்க. தெஹ்ரானுக்கு வெளியில மூவாயிரம் பேர் வேலை செய்யற ஃபிரிட்ஜ் ஃபேக்டரி. ஒரு பஞ்சாலை. இதெல்லாம் போதாதுன்னு வெள்ளைக்காரங்களோட கூட்டு சேர்ந்து ஒரு பேங்க் வேற ஆரம்பிக்கப் போறாரு. அந்த பேங்க் வேலைக்கு இங்கிலீஷ்ல லெட்டர் அடிக்கத்தான் என்னை எடுத்தாங்க. மெட்ராஸ்ல ஒரு கம்பெனியில இருந்தேன், பேப்பர்ல விளம்பரம் பார்த்துப் போட்டேன், கிடைச்சுடுச்சு. டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் ரெண்டுமே ஹையர் பாஸ் சார். நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை. அடிச்சு அழிக்கற பழக்கமே என்கிட்ட கிடையாது. ஒரு ரப்பர் வாங்கினா ரெண்டு வருஷம் வரும். இதைப் பெருமைக்குச் சொல்லலை, விஷயம் இருக்கு.

ஃபரஹ்மந்த் நல்ல மனுஷன். நல்லவர்னு சொல்லச் சொல்ல எனக்கே அலுப்பா இருக்கு, அந்த நல்லதனத்தாலதான் எல்லாம் பாழாப் போச்சு. குடி கிடையாது. மீட்டிங்ல வெள்ளைக்காரங்களுக்கு ஒயின் வரும், இவருக்கு செர்ரிப் பழச் சர்பத் வரும். ஆபீஸ் பெருக்கறவரைக்கூட வாங்க போங்கன்னுதான் பேசுவாரு. என்னை மிஸ்டர் மணி. மெட்ராஸ்ல என் மேனேஜர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, இங்க வாய்யாதான். அப்படி இருந்துட்டுப் போனவனுக்கு மிஸ்டர்னு கேட்டா எப்படி இருக்கும், நீங்களே யோசிச்சுப் பாருங்க.

ஒரே ஒரு சிக்கல். அவரு பஹாய்.

பஹாய்னா என்னன்னு போறதுக்கு முன்னாடி எனக்கும் தெரியாது. அந்த நாட்டுலயே ஒரு நூத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி பிறந்த மதம். எல்லா மதமும் ஒரே கடவுள்கிட்டருந்து வந்ததுன்னு சொல்றவங்க, யார் வம்புக்கும் போக மாட்டாங்க. ஆனா அந்த ஊர்ச் சட்டத்துல மதம்னா நாலுதான். முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர், அப்புறம் ஜொராஸ்டிரியர், அதாவது நம்ம பம்பாய்ப் பார்சிங்க இருக்காங்கள்ல, அவங்க ஆளுங்க. அஞ்சாவதுக்கு இடமில்லை. ராஜா இவங்களை வளர விட்டாரு, தொழில் பண்ண விட்டாரு, ஆனா சட்டத்துல மட்டும் சேர்த்துக்கலை. ஊருக்குள்ள பொறாமை இல்லாமலா இருக்கும்? இவரு ஃபேக்டரி ஃபிரிட்ஜுல வெச்ச தண்ணியைக் குடிக்கக் கூடாதுன்னு சொல்றவங்க இருந்தாங்க. சிரிக்காதீங்க. ஆனா அதை விடச் சல்லிசா நல்ல ஃபிரிட்ஜ் கிடைக்காது. அதனால வாங்கிட்டுப் போய், கதவுல இருக்கற கம்பெனி பேர்த் தகட்டை மட்டும் ஸ்குரூ டிரைவரால கழட்டி வீசிட்டு உள்ள தண்ணி வெச்சுக் குடிப்பாங்க. எனக்கு அதைக் கேட்டதும் ஊரு ஞாபகம் வந்துடுச்சு. அதை அப்புறம் சொல்றேன்.

எழுபத்தி ஆறுல பேங்க் வேலை முடியற நேரம். ஃபரஹ்மந்த்தான் சேர்மன். வெள்ளைக்காரக் கூட்டாளிங்க நாலு பக்க ஃபாரம் ஒண்ணு அனுப்பியிருந்தாங்க, சேர்மனைப் பத்தின விவரத்துக்கு. எங்க பிறந்தாரு, என்ன படிச்சாரு, எங்கெங்க சொத்து. அதுல பதினோராவது கட்டம், மதம். அவரு ஜன்னல் பக்கம் நடந்துக்கிட்டே ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டு வந்தாரு, நான் ஷார்ட்ஹேண்டுல எழுதிக்கிட்டேன். பதினொண்ணு வந்ததும் நடையை நிறுத்தக்கூட இல்லை. பஹாய்னாரு, பன்னெண்டுக்குப் போயிட்டாரு.

மெஷின்ல உட்கார்ந்ததும் எனக்குக் கை ஓடலை. கடைவீதிப் பெரிய வியாபாரிங்க பணம்தான் அந்த பேங்குக்கு மூச்சு. அவங்க எல்லாம் மதப் பெரியவங்க பேச்சைக் கேட்கறவங்க. சேர்மன் பஹாய்னு வாய்வழியா தெரியறது வேற, கையெழுத்துப் போட்ட காகிதத்துல இருக்கறது வேற. காகிதம் ஆபத்து சார். இந்த மனுஷன் கவிழ்ந்தா நானும் கவிழ்ந்தேன். அந்த வருஷம் லீவுல வந்து கல்யாணம் பண்ணிட்டுப் போயிருந்தேன், ரூபி ஊர்ல முழுகாம இருந்தா. ரூபி என் சம்சாரம். பிரசவம் முடிஞ்சதும் குடும்பத்தைக் கூட்டிட்டு வந்துடுங்க மிஸ்டர் மணி, கம்பெனி குவார்ட்டர்ஸ் தர்றேன்னு ஃபரஹ்மந்தே வாய்விட்டுச் சொல்லியிருந்தாரு. குழந்தை பனியைப் பார்க்கப் போகுதுன்னு ரூபி எனக்கு லெட்டர் எழுதியிருந்தா.

அப்பதான் அவரு எப்பவோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. அவங்க தாத்தா யஸ்த்னு ஒரு ஊர்ல ஜொராஸ்டிரியராப் பிறந்து, பிற்பாடு பஹாய் ஆனவரு. அப்ப தாத்தா ஜொராஸ்டிரியர்தானே? சட்டத்துல இருக்கற நாலுல அது ஒண்ணுதானே? பொய்யே இல்லையே. ஜொராஸ்டிரியர்னு அடிச்சேன். ஒரு எழுத்து தப்பு இல்லாம அடிச்சேன். முப்பது காகிதத்தோட சேர்த்து வெச்சேன், அவரு படிக்காம கையெழுத்துப் போட்டாரு. நான் அடிச்சதை அவரு திருப்பிப் படிக்கறதே இல்லை.

என்னடா இவன், இவ்வளவு தைரியமான்னு பார்க்கறீங்க. தைரியம் இல்லை சார், பழக்கம். எங்க தாத்தா காலத்துல ஒரு பாதிரியார் வந்து எங்க காலனிக்கே ஞானஸ்நானம் குடுத்துட்டாரு. நான் பிறவியிலயே கிறிஸ்தவன். ஆனா சர்டிஃபிகேட்ல இந்து. இந்துன்னு இருந்தா எஸ்.சி., கிறிஸ்தவன்னு எழுதினா அது கிடையாது. ஆள் அதே ஆள், தெரு அதே தெரு, டீக்கடையில எனக்குன்னு வெச்சிருந்த தனி டம்ளரும் அதே டம்ளர். கட்டத்துல ஒரு வார்த்தை மாறினா ஸ்காலர்ஷிப் போயிடும், வேலை போயிடும். எங்கப்பா என்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப ஹெட்மாஸ்டரே சொல்லிக் குடுத்தாரு, இந்துன்னு போடுய்யா, பையன் பிழைச்சுப்பான்னு. அவரு புண்ணியத்துலதான் படிச்சேன். ஈரான் விசாவுக்கும் இந்துன்னுதான் எழுதினேன். அங்க வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் சர்ச்சுக்குப் போகணும் சார்னு ஃபரஹ்மந்த்கிட்ட கேட்டேன், தாராளமா போயிட்டு வாங்கன்னாரு. ஃபாரம் வேற, சாமி வேற. எனக்கு அதுல ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

ரெண்டு மாசம் ஒரு சத்தமும் இல்லை. பேங்க் திறந்தாங்க, பெரிய பெரிய ஆளுங்க வந்தாங்க. பேங்க்காரங்க அந்த ஃபாரத்தை வெச்சு பேப்பர்ல சேர்மனைப் பத்தி அரைப் பக்கம் எழுதிட்டாங்க. யஸ்த் நகரத்துப் பழம்பெரும் ஜொராஸ்டிரியக் குடும்பத்தின் செல்வர்னு. ஃபரஹ்மந்த் அப்ப ஜெர்மனியில மெஷின் பார்க்கப் போயிருந்தாரு. நான் அந்தப் பேப்பரை மடிச்சு டிராயர்ல வெச்சுட்டேன். யார் பார்க்கப் போறாங்கன்னு நினைச்சேன்.

பார்த்துட்டாங்க. நான் கணக்குப் போடாத ஆளுங்க பார்த்துட்டாங்க. அவரு திரும்பி வந்த மூணாம் நாள் காலையில பதினோரு மணிக்கு ஜொராஸ்டிரியர் சங்கத்துலருந்து நாலு பேர் வந்தாங்க. மூணு பெரியவங்க, வெள்ளை முக்காடு போட்ட ஒரு அம்மா. கையில ஒரு சைப்ரஸ் மரக் கன்னு, ஒரு பெட்டி நிறைய ஸ்வீட். நான் நோட்டோட நின்னுட்டிருந்தேன். பாரசீகம் அதுக்குள்ள எனக்கு நல்லாவே புரியும். அதுல மூத்தவரு ஃபரஹ்மந்த் தலையைப் பிடிச்சு நெத்தியில முத்தம் குடுத்தாரு. உங்க தாத்தா எங்களை விட்டுப் போன அன்னிக்கு எங்கப்பா சாப்பிடலை, இன்னிக்கு நீங்க வந்துட்டீங்கன்னு சொல்லி அழுதாரு சார். எண்பது வயசு இருக்கும்.

ஃபரஹ்மந்த் அவங்களை உட்கார வெச்சு டீ வரவழைச்சாரு. அந்த ஊர் மரியாதைன்னா அப்படி, வந்தவங்க டீ குடிக்கற வரைக்கும் மனசு நோக ஒரு வார்த்தை பேசக் கூடாது. சர்க்கரைக் கட்டியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு நிதானமா உறிஞ்சிக் குடிப்பாங்க. அந்த ஒரு கப் டீ முடியறதுக்குள்ள நான் செத்துப் பிழைச்சேன். முடிச்சதும் அவரு எழுந்து நின்னு சொன்னாரு.

"பெரியவரே, நான் வரலை. எங்க தாத்தா போன இடத்துலதான் நானும் இருக்கேன். பேப்பர்ல வந்தது தப்பு. உங்களை இப்படி அலைய விட்டதுக்கு மன்னிச்சுக்கங்க."

அந்தப் பெரியவர் கோபப்படலை. ஸ்வீட் பெட்டியை எடுக்கப் போன அந்த அம்மாவைக் கையமர்த்திட்டாரு. வீட்டுக்குன்னு கொண்டு வந்தது, இருக்கட்டும்மான்னாரு. கன்னை மட்டும் எடுத்துட்டுப் போனாங்க.

அப்புறம் நாங்க ரெண்டு பேர்தான். டிராயர்லருந்து பேப்பரை எடுத்துக் குடுத்தேன். எடுபிடி மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். உங்களைக் காப்பாத்தத்தான் சார் பண்ணேன், தாத்தா வழியில பார்த்தா பொய்யும் இல்லைன்னு எல்லாம் சொல்லிட்டேன். எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான்னும் சொன்னேன். அப்பதான் கேட்டாரு.

"உங்க ஃபாரத்துல என்ன எழுதியிருக்கு மிஸ்டர் மணி?"

இந்துன்னேன். ஞாயித்துக்கிழமை நான் எங்க போறேன்னு அவருக்குத் தெரியும். அப்புறம் சொன்னாரு, "உங்களுக்கு நீங்க செஞ்சுக்கிட்டதையே எனக்கும் செஞ்சிருக்கீங்க. அன்பாத்தான் செஞ்சிருக்கீங்க. எனக்குக் கோபம் இல்லை. லெட்டர் ஒண்ணு அடிக்கணும், பேப்பர் மாட்டுங்க."

திட்டியிருக்கலாம் சார். என் மேனேஜர் மாதிரி கெட்ட வார்த்தையில நாலு திட்டு திட்டியிருந்தா அன்னிக்கு ராத்திரியே மறந்திருப்பேன். அன்பாத்தான் செஞ்சிருக்கீங்கன்னு சொல்லிட்டாரே, அதைத்தான் இன்னிக்கு வரைக்கும் என்னால செரிக்க முடியலை. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருந்தா யாருக்கு என்ன நஷ்டம்? ஒத்தை வார்த்தை. ரிப்பன் தேய்ஞ்சு போச்சு, நாளைக்கு அடிக்கறேன்னு சொல்லிப் பார்த்தேன். மாத்துங்க, நான் இருக்கேன்னு எதிர்ல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துட்டாரு. அவரு சொல்லச் சொல்ல அடிச்சேன். என் விவரப் படிவத்தில் பதினோராம் கட்டத்தில் ஜொராஸ்டிரியர் என்று இருப்பது பிழை. நான் பஹாய். பிழை என்னுடையது. அவ்வளவுதான் லெட்டர். என் பேரை எங்கயும் சொல்லலை. லெட்டர் அடிச்சா கீழ ஓரத்துல அடிச்சவன் இனிஷியல் போடணும், அது எங்க தொழில் வழக்கம். அந்த ஒரு லெட்டர்ல மட்டும் நான் போடலை. அவரு அந்த ஓரத்தைப் பார்த்தாரு, பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டாரு.

பத்தே நாள். எப்படி வெளியில போச்சுன்னு தெரியலை, கடைவீதி முழுக்கப் பேச்சு. பேங்க் வாசல்ல பணத்தைத் திருப்பிக் கேட்டு ஜனம் தெருமுனை வரைக்கும் நின்னுச்சு. வெள்ளைக்காரங்க மரியாதையா ஒரு லெட்டர் போட்டாங்க, நீங்க விலகிக்கிட்டா நல்லதுன்னு. விலகிட்டாரு. இங்கிலீஷ் லெட்டர் அடிக்க வேலையே இல்லாமப் போச்சு, என் கான்ட்ராக்டும் முடிஞ்சுது. ஏர்போர்ட்டுக்குத் தன் காரைக் குடுத்து அனுப்பினாரு, ரூபிக்குன்னு ஒரு சால்வை குடுத்தாரு. என் குழந்தை பனியைப் பார்க்கலை. அடுத்த ரெண்டே வருஷத்துல புரட்சி வந்து எல்லாமே போயிருக்கும்னு சொல்ல வர்றீங்க, தெரியுது. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம்தானே சார்.

எண்பத்தி மூணுல கனடாவுலருந்து ஒரு லெட்டர் வந்துச்சு. ஃபரஹ்மந்தோட சம்சாரம் எழுதினது. என் விலாசத்தை எப்படியோ பத்திரமா வெச்சிருந்திருக்காங்க. புரட்சிக்கு அப்புறம் ஃபேக்டரி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்களாம். இவரு வெளிநாடு போகாம அங்கயே இருந்திருக்காரு. பிடிச்சுட்டுப் போய் விசாரிச்சிருக்காங்க. அந்த ஃபைல்ல ரெண்டு காகிதம் இருந்திருக்கு, நான் அடிச்ச ஃபாரம், நான் அடிச்ச லெட்டர். விசாரிச்சவருக்கு மனசுல ஈரம் இருந்திருக்கும் போல. ஃபாரத்தைக் காட்டி, இதுல ஜொராஸ்டிரியர்னு இருக்கே, இதுதான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வீட்டுக்குப் போங்கன்னு சொல்லியிருக்காரு.

பார்த்தீங்களா சார். நான் அடிச்சது அவரைக் காப்பாத்தறதுக்கு ஏழு வருஷம் அந்த ஃபைல்லயே காத்துக்கிட்டு இருந்திருக்கு. இதைத்தான் நான் யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன். இவரு என்ன சொன்னாரு தெரியுமா? அது டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லியிருக்காரு. நாப்பது வருஷ சர்வீஸ்ல நான் டைப்பிங் மிஸ்டேக் பண்ணேன்னு சொன்ன ஒரே ஆள் அவருதான். அதுக்கப்புறம் மூணாம் நாள் முடிச்சுட்டாங்க. உடம்பைக் கூட வீட்டுக்குக் குடுக்கலையாம்.

ரூபி அந்த லெட்டரைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு நாள் முழுக்க அழுதா. பார்த்ததே இல்லாத மனுஷனுக்கு. அழுது முடிச்சுட்டு, நாம எப்பங்க கிறிஸ்தவங்கன்னு எழுதறதுன்னு கேட்டா. அவ ரேஷன் கார்டுல ரூபாவதி, சர்ச் ரிஜிஸ்டர்ல ரூபி. பாப்பா படிக்கட்டும்னேன். படிச்சா. வேலை கிடைக்கட்டும்னேன். கிடைச்சுது, பெரிய வேலை, எந்த டிபார்ட்மென்ட்னு சொல்ல மாட்டேன். பிரமோஷன் வரட்டும்னேன். அப்புறம் அவ கேட்கறதையே விட்டுட்டா. கேட்காம விட்டது எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு.

போன தை மாசம் ரூபி போயிட்டா சார். சுகர், கிட்னி ரெண்டும் சேர்ந்துக்கிச்சு. சர்ச்சுல நாப்பது வருஷம் பாட்டுக் குழுவுல பாடினவ. எங்க கல்லறைத் தோட்டத்துல வேப்ப மரத்துக்குப் பக்கத்துல ஒரு இடத்தை அவளே பேசி வாங்கி வெச்சிருந்தா. ஆனா நேரம் பாருங்க, அப்பதான் யாரோ பொண்ணு மேல மொட்டைக் கடுதாசி போட்டு, அவ சர்டிஃபிகேட் மேல விசாரணை நடந்துட்டிருந்துச்சு. காலையிலயே ஆபீஸ்காரங்க எல்லாம் மாலையோட வந்து நின்னுட்டாங்க. பாஸ்டர் ஐயாவுக்கு நான்தான் போன் பண்ணி வர வேணாம்னு சொன்னேன். நெத்தியில ஒரு ரூபா காசை ஒட்டி, வாசல்ல சங்கு ஊதி, மின்மயானத்துக்குக் கொண்டு போயிட்டோம். எல்லாம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சு போச்சு. பொண்ணு என் முகத்தைப் பார்க்கலை, நானும் அவ முகத்தைப் பார்க்கலை. விசாரணையில ஒண்ணும் நிக்கலை, வேலை தப்பிச்சுது.

போன மாசம் மனசு கேட்காம அந்தக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனேன். புல்லு முழங்கால் உசரத்துக்கு வளர்ந்து கிடக்கு. வாட்ச்மேன் புது ஆள், என்னைத் தெரியாது. யாரோட இடம் ஐயா இது, வாங்கிப் போட்டுட்டு யாருமே வர மாட்டேங்கறாங்களேன்னு கேட்டான். யாரோ தெரிஞ்சவங்களோடதுப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.